மாடிக்குப் போகும் வயர்

பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. நிலையாக எரிந்தால் போன் வந்துவிட்டது, மினுக்கினால் இன்னும் வரவில்லை, கொஞ்சம் பொறுங்க சார் என்று நேற்று இந்த இன்டர்நெட் பெட்டியைக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டுப் போன ஜெரோம் சொன்னார். பொறுமையைப் பற்றி அவர் சொல்கிறார். நிறுத்திய ஸ்கூட்டரைத் திருப்பப் பொறுமையில்லாமல் என் செம்பருத்தியில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போனவர். துண்டுத் தாளில் நம்பரையும் கடவுச்சொல்லையும் கிறுக்கிக் கொடுத்து, காலையில் லேப்டாப்பில் இதை அடித்து ஓகே கொடுத்துவிடுங்கள், நீங்கள்தான் எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவராயிற்றே என்றார். அது கேலியா மரியாதையா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. கேலிதான். பாலிடெக்னிக்கில் ஸ்டோர் அறையில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன், அலமாரியில் கரையான் தின்றது போக மிச்சமிருந்த புத்தகங்களைத் தானாகவே படித்தவன் என்று தெருவில் யாரோ சொல்லியிருப்பார்கள். காப்பி குடித்த கையோடு உட்கார்ந்தேன். அடித்தேன். ஓகே கொடுத்தேன். பெட்டியிலிருந்து ஒரு வயரைக் கொண்டுபோய்ச் சுவரிலிருக்கும் பழைய டெலிபோன் சாக்கெட்டில் செருகினேன். அப்படிச் செருகினால் வீட்டுக்குள் ஏற்கெனவே ஓடுகிற வயர் முழுவதற்கும் இந்தப் பெட்டியே உயிர் கொடுத்துவிடுமாம், புதிதாக எதையும் இழுக்க வேண்டாமாம். வீட்டுக்குள் ஓடுகிற வயர் என்றால் இரண்டு. ஒன்று என் மேஜைக்கு வருகிறது. மற்றது ஜன்னல் ஓரமாக ஏறி, சன்ஷேடைச் சுற்றிக்கொண்டு, மாடியில் என் அண்ணன் வைத்தியலிங்கத்தின் கூடத்துக்குப் போகிறது. அந்த இரண்டாவது வயரை இன்று வெட்ட வேண்டும். கட்டிங் பிளேயர் மேஜைமேல்தான் இருக்கிறது. மதியம் மேகலா கூப்பிடுவதற்குள் வெட்டிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மேகலா என் ஒரே மகள், புனேயில் இருக்கிறாள். செல்போனில் அவள் பேசினால் தகர டப்பாவில் கடுகைப் போட்டுக் குலுக்குவதுபோல இருக்கிறது, எனக்குக் காது பிடிப்பதில்லை. இந்தப் பழைய போனில் என்றால் அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். ஆனால் அவள் சொல்லிவிட்டாள். "மாடி வயரை வெட்டினாத்தான்பா அந்த நம்பருக்குப் பண்ணுவேன். பெரியப்பா கேட்டுக்கிட்டிருக்காருன்னு தெரிஞ்சுக்கிட்டே நான் எப்படிப் பேசறது? என் மாமியாரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல முடியுதா?" நியாயம்தான். சாக்கடைக்குத் தோண்ட வந்தவர்கள் தெரு கேபிளை அறுத்துப் போட்டு, இனிமேல் செம்புக் கம்பி கிடையாது, இன்டர்நெட் வழியாகத்தான் போன், வேண்டுமானால் அதே நம்பரைப் பெட்டிக்கு மாற்றித் தருகிறோம் என்று டெலிபோன்காரர்கள் சொன்னபோது அவளுக்குத்தான் சந்தோஷம். இதுதான் சமயம் என்றாள். ஜெரோமும் அதையேதான் சொன்னார். சாக்கெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன சார் இது, இன்னுமா பேரலல் லைன்? ஒரே நம்பர்ல ரெண்டு போனா? மாடிக்குத் தனியா ஒரு கனெக்ஷன் வாங்கச் சொல்லுங்க. நீங்க பேசறது அவங்களுக்குக் கேக்காது, அவங்க பேசறது உங்களுக்குக் கேக்காது, நிம்மதி" என்றார். நிம்மதி என்ற வார்த்தையைத் தெருவில் பூ விற்பதுபோலச் சொல்கிறார்கள். நான் பதில் சொல்லாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்த அண்ணியிடம், "அம்மா, நாளையோட கீழ்வீட்டு லைன் தனியாப் போயிடும், நீங்க வேற பாத்துக்குங்க" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அண்ணி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அவள் எப்போதும் பாதி வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டு மீதியைப் புருஷனிடம்தான் கொடுப்பாள். ஆக, அவருக்குத் தெரியும். இன்று வெட்டப் போகிறேன் என்று மாடிக்குத் தெரியும். தெரியட்டும். சொல்லாமல் செய்கிற ஆள் இல்லை நான். சொன்னது ஜெரோம்தான் என்றாலும் என் சார்பில்தான் சொன்னார்.

லேப்டாப் பதிவாகிவிட்டது என்கிறது. விளக்கு இல்லை என்கிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் டயல் டோன் இல்லை. ஆனால் செத்த போனின் நிசப்தமும் இல்லை. தெரு கேபிள் அறுந்துகிடந்த நாட்களில் இது கட்டையை எடுத்துக் காதில் வைத்ததுபோல இருந்தது. இப்போது மூடிய அறைக்கு வெளியே நிற்பதுபோல இருக்கிறது. ஊதிப் பார்த்தேன், என் மூச்சு எனக்கே திரும்பிக் கேட்டது. பாதி உயிர் வந்திருக்கிறது. இந்தக் காலத்தில் எதுதான் முழு உயிரோடு வருகிறது. அப்பா இந்தப் போனை வாங்கியபோது உறையூரில் இந்தத் தெருவுக்கே ஒன்றுதான். அவர் போன பிறகு வீட்டைப் பாகம் பிரித்தார்கள். கீழ்வீடு எனக்கு, மாடி அண்ணனுக்கு, கிணறு பொது, மோட்டார் பொது, அண்டா குண்டா எல்லாம் எண்ணிப் பிரித்தாயிற்று. போனை மட்டும் எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் அப்பா பேரிலேயே விட்டுவிட்டார்கள். லைன்மேன் ஒருவர் வந்து மாடிக்கு ஒரு வயர் இழுத்து இன்னொரு போனை வைத்துவிட்டுப் போனார். ஒரே நம்பர், இரண்டு மணி. அதற்கப்புறம்தான் நாங்கள் பேசுவதை நிறுத்தினோம். மேகலா கல்யாணப் பத்திரிகையில் நல்வரவை விரும்பும் பெயர்களில் அண்ணன் பெயர் என் மைத்துனன் பெயருக்குக் கீழே வந்துவிட்டது. அச்சகத்துக்காரன் இடம் பார்த்து அடுக்கிய அடுக்கு அது. பொன்மலை ரயில்வே ஆபீசில் சூப்பரின்டெண்டாக இருந்தவருக்கு, ஆயிரம் பேருடைய சீனியாரிட்டியை எழுதிக் கிழித்தவருக்கு, தாய்மாமன் பெயர் மேலே வருவது வழக்கம்தான் என்பது தெரியவில்லை. தாலி கட்டும்வரை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அட்சதை போட்டார். பந்தியில் இலை போட்டு உப்பு வைத்த நேரத்தில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். சாப்பிடாமல். என் பெண் கல்யாணத்தில். இலையில் உப்பு மட்டும் இருந்தது. அதை என் மனைவி இந்திராணிதான் பார்த்தாள், என்னிடம் சொன்னாள், சொன்னதோடு இதை விட்டுடுங்க என்றும் சொன்னாள். அவள் எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்கிற பெண். கடைசியில் அவளே விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

பேச்சு நின்றதே தவிர மணி நிற்கவில்லை. மணி அடித்தால் இரண்டு வீட்டிலும் அடிக்கும். யார் முதலில் எடுப்பது என்று ஒரு பந்தயம். எடுத்து, மாடிக்கு என்றால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், ரிசீவர் வைக்கும் கட்டையை இரண்டு தடவை தட்டுவேன், மேலே மணி லேசாகக் கிணுங்கும், மாடியில் எடுப்பார்கள், நான் வைத்துவிடுவேன். வைத்துவிடுவேன் என்று சொல்கிறேன். சில நாள் வைப்பேன். அவரும் சில நாள் வைப்பார். நான் மேகலாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அவள் குரல் ஒரு பிடி தாழ்ந்துபோகும், விளக்கைக் கொஞ்சம் இறக்கி வைத்ததுபோல. மாடியில் எடுத்துவிட்டார் என்று அர்த்தம். இந்திராணி எதிரே உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருப்பாள், என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு விரலை மேலே காட்டிச் சிரிப்பாள். வெட்கமில்லாத மனிதர். முப்பத்தைந்து வருஷம் ஆபீசில் மற்றவர்களுக்கு ஒழுங்கு சொன்னவர், ஒட்டுக்கேட்பதற்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நானும் கேட்டேன். நான் கேட்டது வேறு. நான் என் போனை எடுத்தேன், அதில் அவர் பேசிக்கொண்டிருந்தார். மெல்போர்னில் இருக்கிற அவர் மகன் பெண்டாட்டியைப் பிரிந்துவிட்டான் என்பது இந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். மூத்திரக் குழாயில் அவருக்கு ஆபரேஷன் ஆனதும் தெரியும், அதை ஹெர்னியா என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டதும் தெரியும். இந்திராணிக்கு ரத்தம் குறைந்துபோய்விட்டது, ஏற்றினாலும் நிற்கவில்லை என்று நான் மேகலாவிடம் போனில் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் எங்கள் கேட்டில் ஒரு பை தொங்கியது. மாதுளம்பழம். பால்காரரிடம் கேட்டேன், அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கதவைத் தட்டிக் கையில் கொடுக்கத் துப்பில்லை, கேட்டில் மாட்டிவிட்டுப் போகிறார், திருடனைப்போல. வேலைக்கு வருகிற அம்மாளுக்குத் தூக்கிக் கொடுத்துவிடு என்றேன். இந்திராணி பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "பழம் என்னங்க பண்ணுச்சு" என்றாள். உரித்துச் சாப்பிட்டாள். பை தொடர்ந்து தொங்கியது, அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை. அவள் இறந்த அன்று அவர் இறங்கி வந்து கூடத்தில் ஒரு ஓரமாக நின்றார், தூக்கும்போது தோள் கொடுத்தார், குளித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரயில்வேயில் அதற்கு மேலிடத்து அனுமதி வாங்க வேண்டும்போல.

விளக்கு இன்னும் மினுக்குகிறது. காலையிலிருந்து எத்தனை தடவை ரிசீவரை எடுத்துவிட்டேன். எடுத்துத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு லேப்டாப்பில் அதே நம்பரை அதே கடவுச்சொல்லை மறுபடி மறுபடி அடிக்கிறேன். இந்திராணி போன பிறகு எனக்கு இப்படி ஒரு வழக்கம் வந்துவிட்டது, வாய்விட்டுப் பேசுவது. வீட்டில் யாரும் இல்லாதபோது பேசுவதில் என்ன தப்பு, ஆள் இருக்கும்போது பேசுகிறவர்கள் மட்டும் என்ன சாதித்துவிட்டார்கள். "ஏன்டா, வருவியா மாட்டியா, ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலை" என்று பெட்டியைத்தான் கேட்டேன். பெட்டி மினுக்கியது. "பாத்தியா இந்திராணி, கண்ணடிக்கிறான் பாரு" என்றேன். அப்புறம் பேச்சு தானாகவே மாடிக்கு ஏறிவிட்டது. "மாடியில ஒரு துரை இருக்காரே, அவருக்கு இன்னிக்கு ஓசிக் கச்சேரி முடியுது. இனிமே ரேடியோ வாங்கிக்கட்டும். கேக்கறதுதானே வேணும், யாரு பேசினா என்ன." நன்றாகத்தான் இருந்தது. யாரையாவது திட்டினால் முதுகு வலி கொஞ்சம் குறைகிறது. "உப்பு வச்ச எலையை விட்டு எந்திரிச்சுப் போன மனுஷனுக்கு என் மக பேசறது எதுக்கு? அவ மாமியாக்காரி பண்றது எதுக்கு?" கட்டிங் பிளேயரை எடுத்து ஜன்னல்வரை போனேன், ரிசீவரின் சுருள் வயர் இழுபட்டு மேஜையில் போன் நகர்ந்தது. மாடி வயர் மேலே பெயின்ட் அடித்து அடித்துச் சுவரோடு சுவராகக் கிடந்தது, கண் தெரியாதவன் தடவினால்தான் கண்டுபிடிப்பான். பிளேயரின் வாயை அதில் வைத்தேன். கை அழுத்தவில்லை. கைக்கு வயசாகிவிட்டது. முதலில் போன் வரட்டும், பிறகு வெட்டுவோம், வேலை செய்யாத ஒன்றிலிருந்து எதை வெட்டுவது என்று ஒரு நியாயம் வந்தது. பிறகு இன்னொன்று வந்தது, அதையும் வாய்விட்டுத்தான் சொன்னேன், எரிச்சலில் சொன்னேன். "வெட்டிட்டா அப்புறம் அந்தாளு இருக்காரா போயிட்டாரான்னு எனக்கு யாரு சொல்லுவா? ராவெல்லாம் இருமறாரு. அண்ணி வந்தா சொல்லப்போறா? வாசல்ல ஆம்புலன்ஸ் வந்து நின்னாத்தான் எனக்குத் தெரியணுமா?" சொல்லிவிட்டு எனக்கே அருவருப்பாக இருந்தது. பிளேயரை மேஜையில் போட்டேன். ரிசீவரை வைத்தேன்.

செல்போனை எடுத்துக் கம்பெனியைக் கூப்பிட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. முக்கியமானவர்களை இவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தால் முக்கியமில்லாதவர்கள் கதியை நினைக்கவே பயமாக இருக்கிறது. கடைசியில் ஒரு நிஜப் பெண் வந்தாள், கோயம்புத்தூர்ப் பேச்சு. செல்போனை ஸ்பீக்கரில் போட்டுக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "சொல்லுங்க சார், என்ன பிரச்சனைங்க?" விளக்கு மினுக்குகிறது, உங்கள் பெட்டி வேலை செய்யவில்லை, காலையிலிருந்து ஒரு மனிதன் இதற்குக் காவல் இருக்கிறான் என்றேன். ஏதோ தட்டினாள். "இல்லீங்க சார், உங்க லைன் காலையிலேயே வந்துருச்சுங்க. எந்த லைட்டுங்க மினுக்குது? போன் படம் போட்டதா? அது லைன் வரலைன்னு இல்லீங்க. ரிசீவர் எடுத்து வச்சிருக்குன்னு அர்த்தம்ங்க." ஜெரோம் வேறு எந்த விளக்கையோ காட்டிச் சொல்லியிருக்கிறார், நான் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "ரிசீவரு வச்சுத்தான்மா இருக்கு. என் கண்ணு முன்னாடி இருக்கு." "சரியா உக்காரலைங்களோ என்னமோ, ஒருக்கா எடுத்துட்டு வைங்க சார்." எடுத்தேன், வைத்தேன். அழுத்தி வைத்தேன். மினுக்கியது. "இன்னும் எடுத்த மாதிரிதாங்க காட்டுது. வீட்டுல வேற போன் ஏதாவது இருக்குங்களா சார்? பேரலல் ஏதாச்சும்?" ஜன்னல் ஓரத்து வயரைப் பார்த்தேன். "சார்? அந்தப் போனை வச்சாத்தாங்க உங்களுக்கு டயல் டோனும் வரும், வெளியிலிருந்து காலும் வரும். சார், லைன்ல இருக்கீங்களா?" இருக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். லைனில் இருக்கிறேன். வேறொருவரும் இருக்கிறார். காலையிலிருந்து இருக்கிறார்.

மாடியில் நாற்காலி நகரவில்லை. நடமாட்டம் இல்லை. காலையிலிருந்தே இல்லை, அதை நான் கவனித்தேன், அண்ணியோடு கோயிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கோயிலுக்குப் போகிற மனிதரா. இன்றோடு வெட்டப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு, பல வாரமாகச் செத்துக்கிடந்த போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் சாக்கெட்டில் வயரைச் செருகியபோது வந்த டயல் டோன் அவர் காதுக்குத்தான் போயிருக்கிறது. அது ஊதி ஊதி ஓய்ந்து, அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நான். துரை. ஓசிக் கச்சேரி. உப்பு வச்ச எலை. இந்திராணியைக் கூப்பிட்டது. ஆம்புலன்ஸ். இப்படியும் ஒரு பிறவியா, ஒருவன் தனியாகப் புலம்புவதை மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கிற பிறவி. ஓடிப்போய் வெட்டிவிடலாம். ஒரு அழுத்து, பாதி வாக்கியத்தில் அவரை அறுத்துவிடலாம், மினுக்கல் நிற்கும், மேகலா கூப்பிடுவாள், எல்லாம் ஒரு நொடி வேலை. பிளேயரைக் கையில் எடுத்தேன். எழுந்து நின்றேன். மணி பார்த்தேன், மேகலா கூப்பிடுகிற நேரம். அவள் கூப்பிட்டால் லைன் பிஸி என்று வரும். அப்பா யாரோடு பேசுகிறார் என்று நினைப்பாள். யாரோடு பேசுகிறேன். இருக்கிற வழி இரண்டு, வெட்டுவது, இல்லை வைக்கச் சொல்வது. வைக்கச் சொல்வதென்றால் சொல்ல வேண்டும். வாயால், அவர் காதுக்கு. மேகலா கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் சொல்கிற முதல் பேச்சு போனைக் கீழே வைக்கச் சொல்வதாக இருக்கும். அதுவும் பொருத்தம்தான், அதற்கு மேல் அவருக்கு என்ன தகுதி. ரிசீவரை எடுத்தேன். மூடிய அறைக்கு வெளியே நிற்பது மாதிரி என்று நினைத்தேனே, அறைக்குள் ஆள் இருக்கிறார்.

"போனை வைங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது, கறகறவென்று. "மேகலா கூப்பிடுவா. நீங்க வச்சாத்தான் வரும்." எச்சில் விழுங்கும் சத்தம் வந்தது, என்னுடையதா அவருடையதா தெரியவில்லை. வைக்கப் போகிறார், ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுவார், அதுதான் அவர் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பேசினார். குரல் கிழடு தட்டிப்போயிருந்தது. "வெட்டிட்டியா, இனிமேதானா?" "பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க காதால." "இல்ல, வெட்டறதா இருந்தா சொல்லிட்டு வெட்டு சபா. நான் பாட்டுக்குக் காதுல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்." சபாநாயகம் என்ற என் பெயரை இப்படிச் சுருக்கிக் கூப்பிட இப்போது வேறு ஆள் கிடையாது. அவர் வைத்தார். நானும் ரிசீவரை வைத்தேன். பெட்டியில் விளக்கு நிலையாக நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அசிங்கமாகப் பச்சையாக எரிந்தது. உடனே மணி அடித்தது, கீழேயும் மேலேயும் ஒன்றாக. எடுத்தேன். மேகலா பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோலப் பேசினாள். "அப்பா, எவ்வளவு தெளிவா இருக்கு. இவ்வளவு நேரம் பிஸி பிஸின்னே வந்துது. வயரை வெட்டிட்டீங்களா?" பிளேயர் இன்னும் என் இடது கையில்தான் இருந்தது. "வெட்டியாச்சும்மா" என்றேன். "நெசமாவா?" "உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்றேன்." அவள் பெருமூச்சு விட்டாள். அது ஒரு பிடி தாழ்ந்து கேட்டது, மாடியில் எடுத்துவிட்டார். மாமியாரைப் பற்றி ஆரம்பிக்கப் போகிறாள் என்று பயந்தேன், ஆரம்பித்தால் எப்படி நிறுத்துவது என்று வாயைத் திறந்தேன். அவள் வேறு கேட்டாள். "அப்பாடா, இனிமே தைரியமாக் கேக்கலாம். அவரே கேட்டுக்கிட்டிருக்கும்போது அவரைப் பத்தி எப்படிப்பா விசாரிக்கறது? பெரியப்பா எப்படி இருக்காரு? உடம்பு பரவாயில்லையா?" கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். மாடியிலும் காத்திருந்தார்கள். நான் பிளேயரை மேஜை டிராயரில் போட்டு மூடினேன்.

"இருக்காரு" என்றேன். "இருமல்தான் நிக்கலை. ஆளு அப்படியேதான் இருக்காரு, திமிரு கொஞ்சங்கூடக் குறையலை."